புதுப்பிப்பு: அந்தமான் கல்யாணமும் பதிவும்

அந்தமானில் கடற்கரைக் கல்யாணம், பதிவை எங்கே, எப்போது செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டே முதலில் பதிவுத் திருமணம், அப்புறம்தான் கப்பலோ விமானமோ என்று முடிவாகிவிட்டது.

நாங்கள் வேறு வேறு மதம், அதனால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம். கல்யாணத்தை முடித்துவிட்டு வந்து பதியலாமே என்று ஒருவர் சொன்னார், ஆனால் அதற்கு இருவருமே பதிகிற மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், நான் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கோ வேலை தூத்துக்குடியில். முன்கூட்டியே செய்தால் ஒருவர் இருந்தாலே போதும்.

கல்யாணம் செய்யப் போகிறோம் என்று பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்தாச்சு. அலுவலகப் பலகையில் ஒட்டி, ஆட்சேபணை வருகிறதா என்று 30 நாள் பார்ப்பார்கள். நகல் தூத்துக்குடிக்கும் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள், அதனால் வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள் உஷார், பத்திரிகைக்கு முன்னால் சித்தப்பா காதுக்குச் சேதி போய்விடும்!

ரொம்ப சீக்கிரமாகவும் கொடுக்காதீர்கள். நோட்டீஸ் கொடுத்து 3 மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அது காலாவதி, புதிதாகக் கொடுக்க வேண்டும். சாட்சி 3 பேர் வேண்டும், காசிமேட்டு அத்தையும் மாமாவும் ரெடி, மூன்றாவது ஆளுக்குத்தான் தோழிகளுக்குள் சண்டை.