புதுப்பிப்பு: இங்கிலாந்தின் கார்ன்வால் கடலோர வீட்டில் 1983இல் பதிவான சின்தசைசர் கேசட் மீண்டது

இந்தக் கேசட் ஏன் சரியாக ஒலிக்கவில்லை என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்; உதவியவர்களுக்கு நன்றி. சிக்கல் இதுதான்: சாதாரண கேசட் டெக்கில் இசை பாதி வேகத்தில், அமுங்கி, இரைச்சலோடு ஒலித்தது. பக்கத்தைத் திருப்பினால் தலைகீழாக ஓடியது.

"நான்கு டிராக் கேசட், டாஸ்காம் 244இல் பதிந்திருக்கும்" என்ற உங்கள் யூகமே சரி. அது நான்கு டிராக்குகளை, அதாவது தனித்தனி ஒலித் தடங்களை, பதியும் கேசட் கருவி; அதன் வேகம் நொடிக்கு 3¾ அங்குலம், சாதாரண டெக்கைப்போல் இரு மடங்கு. நான்கு டிராக்கும் ஒரே திசை; சாதாரண டெக் பக்கத்துக்கு இரண்டை மட்டுமே படிக்கும், அதனால் திருப்பினால் மற்ற இரண்டும் தலைகீழாகும்.

டால்பியை (டெக்கின் இரைச்சல் குறைப்பு வசதி) அணைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக அசிமத் திருகை (நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வை மாற்றுவது) சரிசெய்து, கணினியில் 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 மாதிரிகள்) பதிந்தேன். கோப்பை 96 என மாற்றிக் குறித்ததும் அது இரு மடங்கு வேகத்தில் ஓடி, வேகம் சரியானது. இரண்டாம் பக்கத்தை மென்பொருளில் தலைகீழாக்கினேன். பிறகே டிபிஎக்ஸ் டைப் 2 டிகோடர்: இரைச்சலைக் குறைக்கப் பதியும்போது அமுக்கிய ஒலி ஏற்ற இறக்கத்தை அது மீண்டும் விரிக்கும். இந்த வரிசை முக்கியம்: அசிமத் பிசகி உயர் அதிர்வெண் ஒலியில் 1 டெசிபல் குறைந்தாலும் டிகோடர் அதை 2 ஆக்கிவிடும்.

இரு பக்கங்களையும் தனித்தனியாக ஓட்டிப் பதிந்ததால் அவை ஒன்றிலிருந்து ஒன்று மெல்ல விலகும்; சில நிமிடத்துக்கு ஒருமுறை வெட்டிப் பொருத்த வேண்டும்.

எதிர்பாராதது நான்காம் டிராக். நாடா இரைச்சல் என்று நீக்கவிருந்தேன். டிகோட் செய்ததும் அது ஏறி இறங்கியது: அலையோசை! டிபிஎக்ஸ் ஏற்ற இறக்கத்தைப் பாதியாக அமுக்கியிருந்ததால் ஒரே சீராகக் கேட்டிருக்கிறது. டிகோட் செய்யுமுன் இரைச்சல் நீக்கியைத் தொடாதீர்கள்.