நீலப்பூத் தாத்தா

(குடும்பக் குழு, ஞாயிறு காலை)

அம்மா: பக்கத்து வீட்டுத் தாத்தா நேற்று இரவு தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் மகள் வந்து சொல்லி அழுதாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அக்கா: ஐயோ! போன வாரம்கூட விதைத் தொட்டிகளைப் பனியில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாரே.

மதுரை சித்தி: நாங்கள் எடின்பரோ வந்தபோது கல் தொட்டியில் செடி வைத்துத் தந்தாரே, அவரா?

அம்மா: அவரேதான். அது கல் இல்லை சித்தி, மீன் கடைத் தெர்மாகோல் பெட்டி. கம்பி பிரஷால் தேய்த்து, சூடு காட்டி, பெயின்ட் அடித்துக் கல்லாக்கிவிடுவார். முதல் தடவை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்க, அது பஞ்சு மாதிரி மேலே வந்துவிட்டது. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது.

அப்பா: மரம் வளராத உயரத்தில், பாறை இடுக்கில் முளைக்கிற செடிகள்தான் அவருக்கு உயிர். குளிர் அவற்றை ஒன்றும் செய்யாதாம். பனிப் போர்வைக்கு அடியில் நனையாமல் தூங்குமாம். இங்கே பெய்கிற குளிர்கால மழைதான் எமன். அதனால்தான் மண்ணில் பாதிக்குப் பாதி பொடிக்கல் போடச் சொல்வார், செடியின் கழுத்தைச் சுற்றியும்.

அம்மா: என் கறிவேப்பிலை பிழைத்ததும் அந்தப் பொடிக்கல்லால்தான்.

நான்: விதை போட்ட தொட்டியை அப்பா சமையலறைக்குள் வைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா?

அப்பா: மறக்குமா? பாவம், குளிருமே என்று வைத்தேன். தாத்தா பேசாமல் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தார். குளிர் பட்டால்தான் கண் திறக்கும் என்றார். அந்த வருடம் ஒன்றும் வரவில்லை. கொட்டப் போனேன், தடுத்துவிட்டார். அடுத்த மார்ச்சில் 11 முளைத்தது.

அக்கா: எனக்கு ஏழு வயதில் லென்ஸ் கொடுத்து சாக்ஸிஃப்ரேஜ் என்கிற பாறைச் செடியின் இலையைப் பார்க்கச் சொன்னார். ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளி, சர்க்கரை ஒட்டியது மாதிரி. இலை தானே வெளியே தள்ளும் சுண்ணாம்பு அது. நகத்தால் சுரண்டினேன், உதிர்ந்தது. அந்த லென்ஸைத் திருப்பி வாங்கவே இல்லை. இப்போதும் என் மேசையில் இருக்கிறது.

மதுரை சித்தி: அந்த நீலப் பூ? சங்குப்பூவைவிட ஆழமான நீலம்.

நான்: ஜென்ஷியானா சைனோ-ஆர்னாட்டா. இலையுதிர் காலத்தில் பூக்கும். ஜார்ஜ் ஃபாரஸ்ட் யூனான் மலைகளில் கண்டெடுத்தது. நம் எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்தவர், செடி தேடிச் சீனாவுக்குப் போய் 1932-ல் அங்கேயே இறந்தார். தாத்தா அவரைத் தன் சொந்த மாமா மாதிரி பேசுவார்.

அப்பா: அந்தச் செடி கதையைச் சொல்கிறேன். வந்த புதிதில் ஒரு கொத்துப் பிரித்துத் தந்தார். 2018 கோடையில் மழையே இல்லை, அவரோ ஆஸ்பத்திரியில். திரும்பி வந்தபோது அவருடைய பாத்தி முழுக்கக் கருகிவிட்டது. நம் வீட்டுச் செடி நிழலில் தப்பித்தது. மறு வசந்தத்தில் காலி தொட்டியோடு வாசலில் நின்று, "ஒரு துண்டு தருவீர்களா?" என்று கேட்டார். அவர் கொடுத்த செடியை அவரிடமே கொடுக்க எனக்குக் கை நடுங்கியது. இதற்காகத்தான் எல்லாருக்கும் கொடுத்து வைத்தேன் என்றார்.

அக்கா: இந்தத் தெருவில் அவர் செடி இல்லாத வீடு எது?

அப்பா: தெருவோடு போகட்டும். பாறைச் செடி வளர்ப்பவர்களின் சங்கமான ஸ்காட்டிஷ் ராக் கார்டன் கிளப்புக்கு வருடாவருடம் விதை அனுப்புவார். எந்தெந்த நாட்டில் யார் வீட்டில் பூக்கிறதோ!

அம்மா: மகள் பனியில் இருக்கும் தொட்டிகளை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறாள். எதையும் கொட்டிவிடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா: நான் போய் எடுத்து வருகிறேன். முளைக்காததும் இரண்டு வருடம் இருக்கட்டும். ஜென்ஷியானாவைப் பிரிக்கவும் இதுதான் நேரம். மகளுக்கு முதல் கொத்து.

அம்மா: சரி. எலுமிச்சை சாதம் கிளறுகிறேன், அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. அதையும் கொண்டு போங்கள்.

அக்கா: நானும் வருகிறேன். பெயர் அட்டை எழுதப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள் அப்பா. பேனா மை மழையில் போய்விடும் என்பார்.