மறு: எஃப்.எம். சிந்தசைசரில் 'ஆபரேட்டர்' – தமிழில் என்ன?

அன்பர்களுக்கு வணக்கம்.

எஃப்.எம். சிந்தசைசர் (ஓர் அலையால் இன்னோர் அலையை வளைத்து ஒலி உண்டாக்கும் மின்னிசைக் கருவி) வாங்குவோருக்கான குறிப்பேடு ஒன்றைத் தமிழில் எழுதும்போது நான்கு சொற்கள் முட்டுகின்றன: ஆபரேட்டர், கேரியர், மாடுலேட்டர், அல்காரிதம். பாடநூலில் 'பண்பேற்றம்', 'ஊர்தி அலை' இரண்டும் இருக்கின்றன. ஆபரேட்டருக்குச் 'செயலி' என்றும் அல்காரிதத்துக்குப் 'படிமுறை' என்றும் போட்டுவிடலாமா?

————

> ஆபரேட்டருக்குச் 'செயலி'

வேண்டாம். கணக்குப் புத்தகத்தில் அது ஒன்று, கைப்பேசியில் வேறொன்று, கணினியின் பிராசசருக்கும் அதுவே. இந்தக் கருவிக்குள்ளும் நிஜமாகவே ஒரு பிராசசர் இருக்கிறது. 'ஆறு செயலிகள் கொண்ட சிந்தசைசர்' என்றால் கடைக்காரரே குழம்புவார். 'இயக்கி'யை டிரைவர் மென்பொருளுக்குக் கொடுத்தாயிற்று. ஆபரேட்டர் என்றே விட்டாலோ, தியேட்டரில் படம் ஓட்டுபவர்தான் நினைவுக்கு வருவார்.

சொல்லை விட்டுப் பொருளைப் பார்ப்போம். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7இல் ஓர் ஆபரேட்டர் என்பது ஒரு சைன் அலையியற்றி (வழுவழுப்பான எளிய அலையை உண்டாக்குவது), அதற்கே உரிய ஒலியுறை (ஒலி எழுந்து அடங்கும் விதம்; நான்கு வேகம், நான்கு மட்டம்), 0 முதல் 99 வரை ஒரு வெளியீட்டு அளவு. இப்படி ஆறு. இதை வைத்துச் 'சைனலகு' என்று சொல் கட்டலாம் என்று தோன்றும். ஆனால் 1987இன் டிஎக்ஸ்81இசட்டில் (TX81Z) ஒவ்வொன்றுக்கும் எட்டு அலைவடிவங்கள் உண்டு, சைன் அவற்றில் ஒன்றுதான். கோர்க் ஆப்சிக்ஸில் ஆபரேட்டர் ஃபில்டராகக்கூட மாறிக்கொள்ளும். சரி, தனி ஒலியுறைதான் அடையாளம் என்று வைத்துக்கொண்டால், எலெக்ட்ரான் டிஜிடோனில் பி1, பி2 என்ற இரண்டு ஆபரேட்டர்களுக்கும் சேர்த்து ஒரே ஒலியுறை. எல்லாக் கருவிகளிலும் மிஞ்சுவது ஒன்றே: அலை பிறக்கும் ஓர் இடம், அந்த அலை நேராகக் காதுக்கு வரும், அல்லது இன்னோர் அலையை வளைக்கும்.

ஆகவே என் முன்மொழிவு 'அலையகம்'. வேற்றுமை உருபு சிக்கலின்றி ஏறுகிறது: அலையகத்தை, அலையகத்தின், ஆறு அலையகங்கள். 'இயற்றி' என்று சுருக்கலாமே என்பார்கள். இசைக் கட்டுரையில் அது ஆபத்து. 'இசை இயற்றி' என்று படித்ததும் கண் அடுத்த வினைச்சொல்லைத் தேடும்.

> அல்காரிதத்துக்குப் 'படிமுறை'

இது சொல்லுக்குச் சொல் மாற்றுவதால் வரும் வம்பு. எஃப்.எம். கருவியில் அல்காரிதம் படிப்படியாக எதையும் செய்வதில்லை. எந்த அலையகம் எதை வளைக்கிறது என்ற கம்பி இணைப்புப் படம் அது. டிஎக்ஸ்7இன் மேற்பலகையிலேயே 32 படங்களையும் அச்சிட்டிருப்பார்கள். அடிவரிசைக் கட்டங்கள்தான் காதில் விழுபவை. மேலே இருப்பவை கீழே இருப்பதை வளைப்பவை. நம் ஊரில் கேரியர் என்றால் டிபன் கேரியர், இங்கேயும் அடுக்குதான்! அதனால் 'அடுக்கமைவு' எனலாம்.

> ஊர்தி (கேரியர், காதில் விழும் அலை), பண்பேற்றி (மாடுலேட்டர், அதை வளைக்கும் அலை)

இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை வரி கட்டாயம் வேண்டும். வானொலியில் ஊர்தி அலை செய்தியைச் சுமந்து வந்து இறக்கிவிட்டுப் போய்விடும். ஏற்பி அதைக் கழித்துவிடும். சிந்தசைசரில் ஊர்தி அலையின் வெளியீடுதான் நாம் கேட்பதே. பண்பேற்றியும் வானொலிப் பேச்சுபோல் மெதுவான சைகை அல்ல, ஊர்தியின் அதிர்வெண்ணை ஒட்டியோ அதன் சில மடங்காகவோ ஓடுவது. ஊர்தியை 'ஒலிப்பான்' என்று மாற்றலாம் என்றால் பேருந்து ஹாரன் வந்து நிற்கிறது.

சொல் சரியா என்று பார்க்க, குறிப்பேட்டின் முதல் பயிற்சியை அதிலேயே எழுதிப் பார்க்க வேண்டும். இப்படி:

'இரண்டு அலையகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள அமைவைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றின் அளவைச் சுழியாக்குங்கள். ஊர்தியின் விகிதம் (வாசிக்கும் சுரத்தின் அதிர்வெண்ணுக்கு எத்தனை மடங்கு என்பது) 1, பண்பேற்றியின் விகிதம் 1. பண்பேற்றியின் அளவை மெல்ல ஏற்றுங்கள். மொழுமொழுவென்றிருந்த ஒலி ரம்பப் பல் பிடித்து, பித்தளை வாத்தியம்போல் ஆகும். பண்பேற்றியை 2 ஆக்கினால் ஒற்றைப்படைச் சீரிசைகள் (அடிப்படை அதிர்வெண்ணின் 1, 3, 5 மடங்குகள்) மட்டுமே மிஞ்சி, கிளாரினெட்போல் உள்ளீடற்று ஒலிக்கும். 14 ஆக்கி, அளவைக் குறைத்து, பண்பேற்றியின் ஒலியுறையை மட்டும் சீக்கிரம் அடங்கவிட்டால் எலெக்ட்ரிக் பியானோவின் உலோக நுனி கேட்கும்.'

தொடக்கக்காரர் முதலில் தடுமாறும் இடம், அளவை 40 வரை ஏற்றியும் ஒன்றும் மாறவில்லையே என்பது. கருவி பழுதில்லை. டிஎக்ஸ்7 அளவுகோல் மடக்கை வகை. மேற்பகுதியில் சுமார் எட்டு படிக்கு ஒருமுறை வீச்சு இரட்டிக்கும். 99இல் பண்பேற்ற எண் (ஊர்தி எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 12.6 என்றால், 75இல் 1.6தான், 51இல் 0.2தான். அதனால் 50க்குக் கீழே மாற்றமே தெரியாது, 65 முதல் 85க்குள் எல்லா நயமும், 90க்கு மேல் காது கிழியும் இரைச்சல். இந்த இடத்தில் 'அளவு' என்ற சொல் போதும், புதுச்சொல் தேவையில்லை.

மணியொலிக்கு விகிதம் முழு எண்ணாக இருக்கக் கூடாது. எஃப்.எம். ஒலியாக்கத்தைக் கண்டறிந்த ஜான் சௌனிங் 1973இல் வெளியிட்ட கட்டுரையின் மணி உதாரணம் 200 ஹெர்ட்ஸ் ஊர்தி, 280 ஹெர்ட்ஸ் பண்பேற்றி. பக்க அதிர்வெண்கள் (வளைப்பதால் ஊர்தியின் இருபுறமும் புதிதாகப் பிறப்பவை) 480, 760 என்று மேலே போகும்; கீழே 200 − 280 = −80. எதிர்மறை அதிர்வெண் என்று ஒன்று ஒலிக்காது. அது கட்டம் (ஃபேஸ், அலை தன் சுழற்சியில் நிற்கும் இடம்) புரண்டு 80 ஆகத் திரும்பி வரும், அடுத்தது 360. இந்தத் திரும்புதலுக்கு 'எதிர்மடிப்பு' என்று வைக்கலாமா?

————

அலையகம் பிடித்திருக்கிறது. அடுக்கமைவு பிடிக்கவில்லை. டிஎக்ஸ்7இன் 32ஆம் எண்ணில் அடுக்கே கிடையாது. ஆறும் பக்கம் பக்கமாக நின்று ஆர்கன்போல் கூடி ஒலிக்கின்றன. அதையும் அடுக்கமைவு என்றால் சொல்லே பொய் சொல்கிறது. 'இணைப்புமுறை' என்று பொதுவாக வைத்து, 'அடுக்கு' என்பதை ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் தொடருக்கு மட்டும் ஒதுக்குங்கள். அப்போது '5ஆம் இணைப்புமுறையில் மூன்று ஈரடுக்குகள்' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

இன்னொன்று, எஃப்.எம். என்று பெயரிருந்தாலும் டிஎக்ஸ்7 கணக்கிடுவது கட்டப் பண்பேற்றம் (அதிர்வெண்ணை அல்ல, கட்டத்தை நகர்த்துவது). தலைப்பில் 'அதிர்வெண் பண்பேற்றம்' என்று விரித்தால் அடிக்குறிப்பு போட வேண்டும். அலையகம் தன்னையே வளைக்கும் பின்னூட்டத்தில் இந்த வேறுபாடு காதுக்கே தெரியும்: நேரடி அதிர்வெண் பண்பேற்றத்தில் பின்னூட்டம் ஏற ஏறச் சுருதி நழுவும், கட்ட வகையில் நழுவாது. 'எஃப்.எம்.' என்றே விடுவது நேர்மை.

எதிர்மடிப்பு வேண்டாம், 'மடிப்பு' போதும்.

————

> அடுக்கு தொடருக்கு மட்டும், மொத்தத்துக்கு இணைப்புமுறை

ஏற்கிறேன். 32ஆம் எண்ணுக்குப் பதில் சொல்ல முடியாது.

இனி வாங்கும் பகுதி. எந்தக் கருவியைச் சொன்னாலும் இந்தச் சொற்களைக் கையால் தொட முடிகிறதா என்பதே அளவுகோல்.

டிஎக்ஸ்7 அழகான கருவி, கற்பதற்குக் கொடுமை. நூற்றுக்கு மேற்பட்ட எண்கள், மாற்ற ஒரே தள்ளுகோல். ஒரு நேரத்தில் ஓர் எண்தான் திரையில். கோர்க் வோல்கா எஃப்எம் மலிவு. அதன் குமிழ்களிலேயே ஊர்திக்கு எழுச்சி, தணிவு, பண்பேற்றிக்கு எழுச்சி, தணிவு என்று பிரித்திருப்பதால் நம் சொற்களைக் கற்பிக்க மிகப் பொருத்தம். டிஎக்ஸ்7 ஒலிக்கோப்புகளையும் ஏற்கும். ஆனால் மூன்று குரல்தான் (ஒரே நேரத்தில் மூன்று சுரங்கள்), தனித்தனி அலையகத்தைத் தொட மெனுவுக்குள் போக வேண்டும்; வெளிக் கீபோர்டில் எவ்வளவு அழுத்தி வாசிக்கிறோம் என்பதையும் முதல் பதிப்பு கண்டுகொள்ளாது. எஃப்.எம்.மில் அழுத்தம்தான் பண்பேற்றியை ஏற்றி நிறத்தை மாற்றுவது என்பதால் இது சின்னக் குறை அல்ல. இரண்டாம் பதிப்பில் குரல் ஆறு, அழுத்தக் குறையும் தீர்ந்தது.

2015இன் யமஹா ரீஃபேஸ் டிஎக்ஸில் நான்கு அலையகம், 12 இணைப்புமுறை, எட்டுக் குரல். நான்கு தொடுபட்டைகள், ஒன்றுக்கு ஓர் அலையகம்: விகிதம் என்ற பொத்தானை அழுத்தினால் நான்கின் விகிதமும், அளவு என்றால் நான்கின் அளவும். ஒவ்வோர் அலையகத்துக்கும் தனிப் பின்னூட்டம்; டிஎக்ஸ்7இல் ஓர் இணைப்புமுறைக்கு ஒரே இடம்தான். பட்டை கைக்கு எங்கே நிற்கிறது என்று சொல்லாது, சாவிகளும் சின்னவை. பழைய ஆறலகக் கோப்புகள் இதில் ஏறா. ஆனாலும் முதல் கருவியாக இதையே பரிந்துரைப்பேன்.

பணம் இருந்தால் ஆப்சிக்ஸ். ஆறு குமிழ் விகிதத்துக்கு, ஆறு தள்ளுகோல் அளவுக்கு. எது ஊர்தி, எது பண்பேற்றி என்று விளக்கின் நிறமே சொல்லும். இணைப்புமுறையை மாற்றிய கணமே நிறங்களும் இடம் மாறும்.

மேலே 'ஆறலகக் கோப்புகள்' என்று எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா? விரல் தானாக 'அலகு' என்று சுருக்குகிறது. 'ஆறலையகக் கோப்புகள்' வாயில் உருள மறுக்கிறது. தொகைச்சொல்லில் மட்டும் 'அலகு' என்று அனுமதிக்கலாமா, அல்லது அலையகத்தையே இன்னும் சுருக்க வழி இருக்கிறதா?