மேடையில் சொல்லி முடிக்காத ஒன்பது பெயர்கள்

வாழ்நாள் சாதனையாளர் விருது வாங்கிய மூத்த கலைஞர்களை அருகில் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் அனுபவம் இது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் சென்னையில் ஒரு சினிமா விருது விழாவில் தன்னார்வலராக வேலை பார்த்தேன். மூத்தவர்களை வீட்டுக்கே போய் அழைத்து வருவது, வேளைக்கு மாத்திரை கொடுப்பது, கைத்தாங்கலாக மேடையேற்றி இறக்குவது என் பொறுப்பு. அன்று எனக்கு ஒதுக்கப்பட்டவர் ஒரு வயலின்காரர். நாற்பது வருஷத்துக்கு மேல் ரெக்கார்டிங் தியேட்டரில் வாசித்தவர். தென்னிந்திய மொழிகள் நான்குக்கும் சென்னையிலேயே பாட்டுப் பதிவான காலம் அது. காலையில் தெலுங்கு, மத்தியானம் மலையாளம், ராத்திரி தமிழ் என்று வாசித்திருக்கிறார். டைட்டிலில் அவர் பெயர் வந்ததே இல்லை.

காரில் ஏறியதிலிருந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சுலோகம் என்று நினைத்தேன். கவனித்துக் கேட்டால், எல்லாம் பெயர்கள். அவரோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து வாசித்த ஒன்பது பேர். "ஒருத்தரையும் விட்டுடக் கூடாதுப்பா" என்றார்.

பொன்னாடை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். மைக் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பெயரோடும் ஒரு வரி சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார். நான்காவது பெயரில் தொகுப்பாளர் "நன்றி ஐயா" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். அடுத்த நடனத்துக்கு மியூசிக் போட்டுவிட்டார்கள். படியிறங்கும்போது என் தோளைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியது.

திரும்பும் வழியில், "தம்பி, பேனா இருக்கா?" என்றார். ஒன்பது பெயரையும் அழைப்பிதழின் பின்பக்கம் எழுதவைத்தார். இன்ஷியல் தப்பாயிருந்த ஒன்றை அடித்துத் திருத்தச் சொன்னார். கேடயம் பின்சீட்டில் கிடந்தது.

2021 அக்டோபரில் ரஜினிகாந்த் தாதாசாகேப் பால்கே விருது வாங்கியதை டிவியில் பார்த்தேன். கே. பாலசந்தர், அண்ணன் சத்யநாராயண ராவ், கண்டக்டராக இருந்த நாளில் கூட வேலை பார்த்த டிரைவர் ராஜ் பகதூர் என்று பெயர் சொல்லி அந்த விருதை அவர்களுக்குச் சமர்ப்பித்தார். டெல்லி மேடையில் ஒரு பஸ் டிரைவரின் பெயர் முழுசாக ஒலித்தது. எனக்கு அந்த வயலின்காரர் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

*

அண்ணே, படிச்சதும் எனக்கும் எழுதணும்னு தோணிச்சு. நான் கன்னியாகுமரி மாவட்டம். திருவனந்தபுரத்துல ஒரு கேமரா யூனிட்ல இருந்தப்போ ஜே.சி. டேனியல் விருது விழாவுக்கு வேலைக்குப் போனேன். மலையாள சினிமாவுக்குக் கேரள அரசு கொடுக்குற மிகப் பெரிய விருது, 1992-லேருந்து கொடுக்குறாங்க. அந்த டேனியல் எங்க அகஸ்தீஸ்வரத்துக்காரர்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நிலத்தை வித்து முதல் மலையாளப் படத்தை எடுத்தவர். அதுல நடிச்ச பி.கே. ரோஸியை, தலித் பொண்ணு நாயர் பொண்ணா நடிக்கிறதான்னு அடிச்சு விரட்டினாங்க. டேனியல் கடனாளியாகி, பல் வைத்தியம் பார்த்துப் பிழைச்சு, 1975-ல அகஸ்தீஸ்வரத்துலயே இறந்துபோனார். உயிரோட இருந்தவரைக்கும் அரசாங்க மரியாதை எதுவும் அவருக்குக் கிடைக்கல. அவர் பேர்ல விருது வாங்குறவங்களுக்குக் கைதட்டுற சத்தத்தை ஹெட்போன்ல கேட்டுக்கிட்டு நின்னேன். அன்னைக்கு ராத்திரி ஊருக்கு வந்ததும் அப்பாவை எழுப்பி இதைச் சொன்னேன்.

*

சார், நீங்க எழுதினதைப் படிச்சுட்டு நானும் எழுதுறேன். எங்க அத்தை சினிமாவுல கோரஸ் பாடினவங்க. வசனகர்த்தா ஆரூர்தாஸ் ஐயாவுக்கு 2022 ஜூன்ல கலைஞர் நினைவு கலைத்துறை வித்தகர் விருதை முதலமைச்சர் வீட்டுக்கே போய்க் கொடுத்தார் இல்லையா, அந்தச் செய்தி ஓடினப்போ அத்தை பக்கத்துலதான் இருந்தேன். "இப்படித்தான் கொடுக்கணும், வயசானவங்களைப் படியேற வைக்காம" அப்படின்னாங்க. அந்த நவம்பர்லயே அவர் காலமாயிட்டார். இசையமைப்பாளர் டி.கே. ராமமூர்த்தி ஐயாவும் அப்படித்தான். எம்.எஸ்.வி.யோட சேர்த்து அவருக்குத் திரை இசைச் சக்கரவர்த்தி பட்டம் கொடுத்தது 2012 ஆகஸ்ட்ல. அடுத்த ஏப்ரல்ல அவர் இல்லை. எட்டு மாசமாவது கையில வெச்சிருந்தாரேன்னு சந்தோஷப்படுறதா, இவ்வளவு காலம் ஏன் விட்டாங்கன்னு கேக்குறதா, இன்னமும் எனக்குப் புரியல.

சார், அந்த அழைப்பிதழ் இன்னும் உங்ககிட்ட இருக்கா?

*

இருக்கிறதும்மா. மடிப்பு விழுந்த இடத்தில் ஏழாவது பெயர் மங்கிவிட்டது, ஆனாலும் படிக்க முடிகிறது. அந்த வயலின்காரர் போய் ஆறு வருஷமாகிறது. ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் மகளிடம் கொடுக்கப் போகிறேன். அந்த ஒன்பது பேரில் இருவர் இன்னும் இருக்கிறார்களாம். முகவரி தருவதாகச் சொன்னார்.