அராபி கதை: இன்னும் உங்களை உறுத்திட்டு இருக்கற இடம் எது?

கடலோரத்தான்:
பி.ஏ. இங்கிலீஷ் செகண்ட் இயர்ல படிச்சது, பதினஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் விட மாட்டேங்குது. ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதின கதை, டப்ளின்ல மாமா அத்தையோட இருக்கற ஒரு பையன், ஃப்ரெண்டு மங்கனோட அக்கா மேல ஆசைப்பட்டு, அவளுக்கு ஏதாச்சும் வாங்க அராபிங்கற பஜாருக்குப் போவான், எல்லாம் உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை மார்க்கெட்ல குடிகாரங்க, பேரம் பேசறவங்க நடுவுல அத்தைக்குப் பை தூக்கிட்டுப் போறப்ப, எதிரிக் கூட்டத்துக்குள்ள ஒரு திருக்கிண்ணத்தை, பூசையில பாதிரியார் திராட்சை ரசம் ஊத்தி ஏந்தற கிண்ணத்தை, பத்திரமா ஏந்திட்டுப் போறதா அந்தப் பையன் நினைச்சுக்குவான் பாருங்க, அந்த வரி வந்ததும் கிளாஸ்லயே எனக்குக் கை வேர்த்துடுச்சு. ஏன்னா நான் எங்க ஊர் கத்தோலிக்கக் கோயில்ல அஞ்சு வருஷம் பூசைக்கு உதவி செஞ்சவன். கிண்ணத்தை நம்ம கையில தர மாட்டாங்க, திராட்சை ரசமும் தண்ணியும் ஊத்தின சின்னக் குப்பிதான் வரும். அந்தக் கிண்ணத்து மேல எனக்கு அவ்ளோ ஆசை.

கடைசில பஜார் ஹாலுக்குள்ள போறான், பாதி இருட்டு, பூசை முடிஞ்ச கோயில் மாதிரி அமைதி, ரெண்டு பேர் ஒரு தட்டுல காசு எண்றாங்க, நாணயம் விழற சத்தம் கேக்குது. இதை நான் பாத்திருக்கேன். ஒரு ஞாயித்துக்கிழமை மறந்து வெச்ச குடையை எடுக்கத் திரும்பப் போனேன், லைட் எல்லாம் அணைச்சாச்சு, அப்பம் வெச்சிருக்கற நற்கருணைப் பேழைகிட்ட அந்தச் சிவப்பு விளக்கு மட்டும், பக்கத்து ரூம்ல ரெண்டு பேர் காணிக்கைப் பையைக் கொட்டி பத்துப் பத்தா அடுக்கிட்டு இருந்தாங்க. யாரும் ஒரு தப்பும் பண்ணல. காசுன்னா எண்ணித்தான் ஆகணும். ஆனா அதுக்கப்புறம் பூசையில அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டற எழுந்தேற்றத்துக்கு மணி அடிக்கறப்பல்லாம் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டுச்சு.

மழைக்கோட்டு:
வேலைக்காக டப்ளின்ல ரெண்டு வருஷம் இருந்தேன், போனதும் முதல் லீவுல கதை நடக்கற நார்த் ரிச்மண்ட் ஸ்ட்ரீட்டைத் தேடிப் போனேன், நார்த் சர்க்குலர் ரோட்லருந்து திரும்பணும். முட்டுச்சந்து. கதையோட முதல் வரியே தெரு குருடுன்னுதான் ஆரம்பிக்கும், அங்க முட்டுச்சந்தைச் சொல்ற வார்த்தையே அதுதான், ஆனா அங்க நின்னு பாத்தப்பதான் உறைச்சுது, உள்ள வந்த வழியாதான் வெளிய போயாகணும். கதையில வர்ற, கிறிஸ்டியன் பிரதர்ஸ்ங்கற துறவிகள் சபை ஆரம்பிச்ச ஸ்கூல் இன்னும் அதே தெருவுல இருக்கு. மழை தூறிட்டு இருந்துச்சு, கால் மணி நேரம் நின்னேன், ஒரு பாட்டியம்மா ஜன்னல் திரையை விலக்கிப் பாத்துட்டு மூடிட்டாங்க. பையன் திரையை ஒரு இன்ச் கேப் விட்டு இறக்கிட்டு எதிர் வீட்டு வாசலைப் பாத்துட்டே படுத்திருப்பானே, அதுதான் ஞாபகம் வந்துச்சு.

கடலோரத்தான், உங்க அனுபவம் நல்லா இருந்துச்சு, ஆனா ஒண்ணு ஒத்துக்க மாட்டேன். அந்த பஜார் நிஜமா நடந்தது, 1894 மே 14லருந்து 19 வரைக்கும், ஜெர்விஸ் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்ட. தட்டுல விழுந்த காசு நோயாளிங்களுக்குப் போற காசு. பையன் உடைஞ்சு போறது காசு எண்ணினதால இல்ல, அந்த ஸ்டால் பொண்ணு ரெண்டு ஆம்பளைங்களோட அரட்டை அடிச்சுட்டே கடமைக்கு வந்து என்ன வேணும்னு கேக்கறா பாருங்க, அந்தக் குரல்லதான்.

ஜன்னல் சீட்:
நீங்க எல்லாரும் பையனைப் பத்தியே பேசறீங்க. மங்கனோட அக்காவைப் பத்தி ஒருத்தர்கூட வாய் திறக்கல. அவளுக்குக் கதையில பேரே கிடையாது, தம்பியோட பேரை வெச்சுதான் கூப்பிடறாங்க. விளக்கு வெளிச்சம் கழுத்துல, முடில, கம்பியைப் பிடிச்ச கையில படும், சுருவம், அதான் கோயில் சிலை, மாதிரி நிப்பா, இவன் கீழ நின்னு பாப்பான். ஆனா அவளுக்கும் பஜார் போக ஆசை! கான்வென்ட்ல தியானம், அதனால போக முடியல. அதைச் சொல்றப்ப வெள்ளி வளையலை மணிக்கட்டுல சுத்திட்டே இருப்பா.

நான் கான்வென்ட் ஹாஸ்டல்ல படிச்சவ. ஊர்த் திருவிழாக் கடை போட்ட அதே வாரம் மூணு நாள் தியானம் வெச்சாங்க, பேசக்கூடாது. ராட்டினம் சத்தம் சேப்பல் வரைக்கும் கேட்டுச்சு. செபமாலையைப் பிடிச்ச கையோட நான் ராட்டினம் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணிட்டு இருந்தேன்.

அவ பையன்கிட்ட சொல்ற ஒரு பதில் இருக்கு, எங்க மிஸ் அதை 'உனக்கு அது நல்லது'ன்னு சொல்லிக் கொடுத்தாங்க. ரொம்ப வருஷம் கழிச்சுதான் புரிஞ்சுது, அயர்லாந்துப் பேச்சுல அதுக்கு 'உனக்கென்னப்பா, நீ போவ'ன்னு அர்த்தம். அந்த ஏக்கம் அவன் காதுல விழவே இல்ல. உடனே ஏதாச்சும் வாங்கிட்டு வரேன்னு வாக்கு கொடுக்கறான், அவ்ளோதான்.

சாக்பீஸ்:
நான் முதல் தடவை படிச்சப்ப ஒண்ணும் புரியல, ரெண்டாவது தடவை அழுதேன், என் கதை அவ்ளோதான். ஆனா இதைப் புதுசா படிக்கப் போறவங்களுக்கு சிலது சொல்லணும்னு தோணுது. சிம்பல் வேட்டைக்குப் போகாதீங்க. ஆப்பிள் மரம்னா ஏதேன் தோட்டம், துருப்பிடிச்ச சைக்கிள் பம்ப்னா பாம்பு, இப்படி நோட்ஸ்ல எழுதி வெச்சா மார்க் வரும், கதை போயிடும். ஜன்னல் சீட் சொன்ன வளையல் மாதிரி பொருளைப் பொருளா பாருங்க. அப்புறம் தனியா எடுத்துப் படிக்காதீங்க, 1914ல வந்த டப்ளினர்ஸ்ங்கற தொகுப்புல மொத்தம் 15 கதை, இது மூணாவது, முதல் மூணுமே சின்னப் பையன் 'நான்'னு சொல்ற கதைங்க, முதல் கதையே ஒரு பாதிரியார் சாவு. அந்தக் கதையில அவர் கையில திருக்கிண்ணம் உடைஞ்சிருக்கும். அதைப் படிச்சுட்டு இங்க வந்து பையன் கிண்ணத்தை ஏந்தறதைப் படிங்க, பதறும். இவங்க வீட்லயும் ஒரு பாதிரியார் குடியிருந்து பின் ரூம்ல செத்துப் போயிருப்பார், அதே ரூம்ல மழை ராத்திரி இவன் உள்ளங்கை ரெண்டையும் அழுத்திச் சேத்துக்கிட்டு நடுங்க நடுங்க காதலேன்னு முணுமுணுப்பான். செபம் பண்ற கை அது.

காசுக் கணக்கையும் போடுங்க. மாமா கொடுக்கறது ஒரு ஃப்ளாரின், அதாவது 24 பென்னி. ஆறு பென்னி வாசலைத் தேடுவான், கிடைக்காது, மூடிடுவாங்கன்னு பயந்து ஒரு ஷில்லிங், 12 பென்னி கொடுத்து உள்ள போவான். ரயில் செலவும் போக கடைசில பாக்கெட்ல மிச்சம் 8. அந்த ஸ்டால்ல இருக்கற பூ ஜாடிங்க முன்னாடி அவன் ஏன் நகர முடியாம நிக்கறான்னு இந்தக் கணக்குலருந்தும் பாருங்க. கடலோரத்தான், மழைக்கோட்டு, நீங்க ரெண்டு பேருமே பாதி சரி.

ஒன்பதரை மணி:
மாமாவை ஏன் எல்லாரும் விட்டுட்டீங்க? எனக்கு இந்தக் கதையே அவர்தான்.

தீவுத்திடல் பொருட்காட்சி, எனக்குப் பன்னெண்டு வயசு, அப்பா காசு கொடுக்கறேன்னு காலையில சொல்லிட்டுப் போனார். ஆறு மணிக்கே டிரஸ் போட்டு உக்காந்துட்டேன். எட்டாச்சு. அம்மா வாசல்லயே நின்னுட்டு இருந்தாங்க, அப்புறம் உள்ள வந்து, வெள்ளிக்கிழமை அதுவுமா விளக்கு வெச்ச வீட்டை விட்டு எங்கடா கிளம்பறது, இன்னொரு நாள் பாத்துக்கலாம்னாங்க. காலையிலயும் வெள்ளிக்கிழமைதானே. கதையிலயும் அத்தை அதேதான் சொல்றாங்க, ஆண்டவரோட ராத்திரி இது, பஜாரைத் தள்ளிப் போட வேண்டியதுதான்னு. அதைப் படிச்சப்ப புஸ்தகத்தை மூடிட்டேன். மாமா இன்னும் வரலன்னு சொல்ல முடியாம ஆண்டவரைச் சொல்றாங்க. எங்கம்மாவும் அப்படித்தான் மகாலட்சுமியைச் சொன்னாங்க. அன்னிலருந்து எங்க வீட்டு விளக்குகிட்ட நான் எதுவும் கேட்டதில்ல.

அப்புறம் மாமா வருவார், சாவி திரும்பும், தனக்குத் தானே பேசுவார், கோட்டு மாட்டினதும் ஸ்டாண்டு ஆடற சத்தம், அதுக்கு அர்த்தம் தனக்குத் தெரியும்னு பையன் சொல்லுவான். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். எங்க வீட்ல ஸ்டாண்டு கிடையாது, கதவுக்குப் பின்னாடி ஒரு ஆணி. ஒன்பதரைக்கு அப்பா சட்டையை மாட்டப் பாத்தார், ரெண்டு தடவை கீழ விழுந்துச்சு, மூணாவது தடவை அம்மா எடுத்து மாட்டினாங்க.