1 யோவான் 5:7: பழைய வேதாகமத்தில் உள்ள வசனம் திருவிவிலியத்தில் ஏன் இல்லை?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்றில் ஓய்வுநாள் பள்ளியின் மேல்வகுப்புக்குப் பாடம் நடத்தி வருகிறேன். சென்ற ஞாயிறன்று திரித்துவத்தைப் பற்றிய பாடத்தில் 1 யோவான் 5:7-ஐ வாசிக்கச் சொன்னேன். "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்று பிள்ளைகள் எங்கள் சபையின் பழைய தமிழ் வேதாகமத்திலிருந்து சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினாள். அவளுடைய தாயார் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால், அன்று அவள் கையில் இருந்தது திருவிவிலியம் என்ற புதிய தமிழ் மொழிபெயர்ப்பு. அதில் அந்த இடத்தில் பரலோகமும் இல்லை, பிதாவும் இல்லை, வார்த்தையும் இல்லை. சான்று அளிப்பவை மூன்று என்று தொடங்கி நேரே ஆவி, நீர், இரத்தம் என்று போய்விடுகிறது. இரண்டு புத்தகங்களையும் மேசைமேல் அருகருகே விரித்து, வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்தோம். "இதை யார் எடுத்துவிட்டார்கள்?" என்று அவள் கேட்டாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லி ஜெபித்து வகுப்பை முடித்துவிட்டேன்.

வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டவை என்று 2 தீமோத்தேயு 3:16-ஐ மனப்பாடம் செய்ய வைத்தவனே நான்தான். அருளப்பட்ட வாக்கியம் ஒரு பதிப்பில் இருந்து இன்னொரு பதிப்பில் இல்லாமற்போனால் அந்தப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது? விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி 1

ஐயா, இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த மாணவியின் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும். இந்த வரியை யாரும் எடுக்கவில்லை. யார் சேர்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளான வத்திக்கான் படியிலும் சீனாய்ப் படியிலும் இது இல்லை. 14-ஆம் நூற்றாண்டுக்கு முந்திய கிரேக்கக் கையெழுத்துப் படி எதன் மூலப் பாடத்திலும் இது காணப்படவில்லை. 325-இல் நிக்கேயா நகரில் திருச்சபைத் தலைவர்களின் சங்கம் கூடிய காலத்திலும் அதற்குப் பிந்திய பல பத்தாண்டுகளிலும், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவரா என்பதற்காகப் பதவியையும் ஊரையும் இழக்கத் துணிந்து வாதாடிய கிரேக்கத் திருச்சபைத் தந்தையரில் ஒருவர்கூட இவ்வசனத்தை எடுத்துக்காட்டவில்லை. கையில் இருந்திருந்தால் இதைவிட நேரான சான்று அவர்களுக்கு வேறு எது கிடைத்திருக்கும்?

லத்தீன் பக்கத்தில்தான் இதன் தடம் தெரிகிறது. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினில் வாழ்ந்த பிரிஸ்கில்லியன் என்ற ஆயரின் வட்டத்து எழுத்தில் இது முதன்முதலாகத் தெளிவாகக் காணப்படுகிறது. ஆவி, நீர், இரத்தம் என்ற மூன்றையும் திரித்துவத்துக்கு அடையாளமாகக் கண்ட ஒருவர் ஓரத்தில் எழுதிவைத்த விளக்கம், பின்னால் படியெடுத்தவர் கையால் வசனத்துக்குள் வந்து சேர்ந்தது என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் முடிவு. ஓலைச்சுவடிகளில் பாடபேதம் (படிக்குப் படி வரும் சொல் வேறுபாடு) பார்த்துப் பழகியவர்களுக்கு உரை மூலத்தோடு கலப்பது புதிய செய்தி அல்ல.

அது அச்சுக்கு வந்த கதையை நீங்கள் வகுப்பில் சொல்லலாம். எராஸ்முஸ் என்ற அறிஞர் 1516-இலும் 1519-இலும் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இந்த வரி இல்லை. இங்கிலாந்திலிருந்து எட்வர்டு லீயும் ஸ்பெயினிலிருந்து ஸ்துனிகாவும் கடுமையாகக் குறைகூறினார்கள். தாம் பார்த்த கிரேக்கப் படிகளில் அது இல்லை என்று எராஸ்முஸ் பதில் சொன்னார். பின்னர் அந்த வரியைக் கொண்ட ஒரு கிரேக்கப் படி அவருக்குக் காட்டப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறக்குறைய அவர் காலத்திலேயே எழுதப்பட்ட படி அது; இன்றும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. 1522-இல் வந்த மூன்றாம் பதிப்பில், தம் ஐயத்தையும் குறிப்பாக எழுதிவைத்து, வரியைச் சேர்த்தார். அடுத்தடுத்த அச்சுப் பதிப்புகள் அந்தப் பாடத்தையே பின்பற்றின.

நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் உழைப்பில் 1871-இல் முழுமையாக வந்தது. வெஸ்காட், ஹார்ட் என்ற ஆங்கிலேய அறிஞர் இருவரும் பழைய படிகளை ஆராய்ந்து அமைத்த கிரேக்கப் பாடம் வெளியானதோ 1881-இல். ஆகவே அந்தக் குழுவினர் தமக்குமுன் வழக்கிலிருந்த பாடத்தை உண்மையாக மொழிபெயர்த்தார்கள்; அவர்கள்மேல் குற்றம் இல்லை. 1995-இல் திருவிவிலியத்தை வெளியிட்டவர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலான ஆய்வு கையில் இருந்தது.

மறுமொழி 2

சகோதரர்களே, நான் எழுபது வயதைக் கடந்த சபை மூப்பன். மேலே எழுதிய சகோதரரின் படிப்பை மதிக்கிறேன். ஆனால் மனம் கனக்கிறது. என் தகப்பனார் மரணப் படுக்கையில் கிடந்தபோது யோவான் நிருபத்தைத்தான் வாசிக்கக் கேட்டார். அன்று நான் வாசித்தது இந்த வசனத்தையும் சேர்த்துத்தான். "வானமும் பூமியும் ஒழிந்துபோம், என் வார்த்தைகளோ ஒழிந்துபோவதில்லை" என்று கர்த்தர் சொல்லியிருக்க, இன்று ஒரு வசனம் இல்லை என்றால், நாளைக்கு மாற்கு 16-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களும் இல்லை என்பார்கள். பிள்ளைகளின் விசுவாசம் எதன்மேல் நிற்கும்? இதைக் கவனத்தில் வைத்து எழுதும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 3

நான் கிறிஸ்தவன் அல்லேன். சுவடியியலில் உள்ள ஈடுபாட்டால் எழுதுகிறேன். இந்த உரையாடலில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஆசிரியர் எழுதிய பாடம் நம் கைக்குச் சரியாக வந்து சேர்ந்திருக்கிறதா என்பது ஒன்று. அந்தப் பாடம் இறைவனால் ஏவப்பட்டதா என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் புதிய ஏற்பாட்டின் நிலை மிக வலுவானது என்பதைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். கிரேக்கத்தில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் பட்டியலிடப்பட்டிருக்கும்போது, ஒரு வரியை யாரும் அறியாமல் நுழைப்பது கடினம். இந்த வரி பிடிபட்டதே அதற்குச் சான்று. ஆயினும் நன்றாகப் பாதுகாக்கப்பட்ட நூல் என்பதனால் மட்டும் ஒரு நூல் தெய்வீகமானதாகிவிடாது. அந்த இரண்டாம் கேள்விக்கு உங்கள் விடை என்ன என்பதை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 4 (முதல் மறுமொழியை எழுதியவர்)

மூப்பர் ஐயா, உங்கள் தகப்பனார் கேட்ட வார்த்தைகளில் பொய் இல்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற விசுவாசம் மத்தேயு 28:19-லும் 2 கொரிந்தியர் 13:14-லும் இருக்கிறது. நிக்கேயாவில் கூடியவர்கள் இந்த வரி இல்லாமலேயே அதை அறிக்கையிட்டார்கள். லூத்தர் மொழிபெயர்த்த ஜெர்மன் வேதாகமத்தில் அவர் உயிரோடிருந்தவரை இவ்வரி இடம்பெறவில்லை. அவருடைய விசுவாசம் அதனால் குறைந்துபோகவில்லையே, ஐயா.

மாற்கு 16:9-20 சீனாய், வத்திக்கான் படிகளில் இல்லை என்பது உண்மைதான். பிள்ளைகள் அதைப் பகைவர் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்பதைவிட உங்களைப் போன்ற மூப்பரிடமிருந்து கேட்பது நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

சுவடியியல் நண்பர் இரண்டு கேள்விகளையும் பிரித்துக் காட்டியது சரி. ஏவுதலைப் படிகளின் எண்ணிக்கையால் மெய்ப்பிக்க முடியாது. அப்படி மெய்ப்பிக்க முயலும் எங்கள் பிரசங்கங்கள் பிழை செய்கின்றன. இது திருச்சபையின் விசுவாச அறிக்கை. வேதத்தின் அதிகாரத்தை உள்ளத்தில் உறுதிப்படுத்துவது ஆவியானவரின் சாட்சியே என்று கால்வினும் எழுதினார். ஆனால் ஏவுதல் என்றால் என்ன என்பதை வேதமே எப்படிக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். லூக்கா தம் சுவிசேஷத்தைத் தொடங்கும்போது, எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்தறிந்து எழுதுவதாகச் சொல்கிறார். அங்கே ஒரு மனிதரின் உழைப்பு தெரிகிறது. பவுல் 1 கொரிந்தியர் 1:16-இல், ஸ்தேவானுடைய வீட்டாரைத் தவிர வேறு யாருக்காவது ஞானஸ்நானம் கொடுத்தேனோ இல்லையோ அறியேன் என்கிறார். சொல்லுக்குச் சொல் மேலிருந்து சொல்லச்சொல்ல எழுதியிருந்தால் அந்த மறதி எங்கிருந்து வந்தது? அந்த மறதியோடேயே அது தேவ ஆவியினால் அருளப்பட்ட நிருபம் என்று நாங்கள் அறிக்கையிடுகிறோம்.

வகுப்புக்கு எரேமியா 36-ஐப் பரிந்துரைக்கிறேன். யோயாக்கீம் ராஜா குளிர்காய்ந்துகொண்டிருக்கிறான். மூன்று நான்கு பத்தி வாசித்து முடிந்ததும் சுருளைக் கத்தியால் அறுத்துக் கணப்பில் போடுகிறான்; முழுச் சுருளும் எரிந்துபோகிறது. பிறகு எரேமியா சொல்லப் பாருக்கு மறுபடியும் எழுதுகிறான். "அவைகளுக்கொத்த அநேக வார்த்தைகளும்" அதில் சேர்க்கப்பட்டன என்று அந்த அதிகாரம் முடிகிறது. முதல் மூலப் பிரதி சாம்பலாயிற்று. நம்மிடம் இருப்பது இரண்டாவதின் வழிவந்த படிகளே. அதை மறைக்காமல் நமக்குச் சொல்வதும் வேதமேதான்.

கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. மூப்பர் ஐயாவின் கலக்கம் என் கலக்கமும்தான். இரண்டு நாள் சரியாக உறங்கவில்லை. வரும் ஞாயிறன்று அந்த மாணவியையே திருவிவிலியத்திலிருந்து 5:6 முதல் 9 வரை வாசிக்கச் சொல்லப் போகிறேன். அதன்பின் பழைய வேதாகமத்திலிருந்து இன்னொருவர் வாசிப்பார். அடுத்து எரேமியா 36.

என் தாயாரின் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். 5:7-இன் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோடு அப்படியே இருக்கட்டும். பக்கத்து ஓரத்தில் பென்சிலால் 1522 என்று சிறிதாக எழுதி வைத்திருக்கிறேன். கிரேக்கம் படித்த சகோதரர் மாற்கு 16-ஐப் பற்றித் தனியாக எழுத முடியுமா? அந்தப் பிள்ளை கட்டாயம் அதையும் கேட்பாள்.