உதவி தேவை: ரசிகர் குழுவில் ஓயாத சண்டை, விதிகளை எப்படி எழுதுவது?

சிப்புட் ரசிகை:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பாடகர் டி.எம்.சௌந்தரராஜன் ரசிகர்களுக்காக ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு நடத்துகிறோம். 140 பேர், பெரும்பாலோர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். போன வாரம் ஒருவர், எம்.ஜி.ஆருக்குப் பாடும்போதுதான் அந்தக் குரலுக்குக் கம்பீரம் என்று எழுதினார். சிவாஜி ரசிகர் ஒருவர் மறுத்தார். பத்தே நிமிடத்தில் பாட்டை விட்டுவிட்டு வீட்டுப் பெண்களை ஏசத் தொடங்கிவிட்டார்கள்.

அதிகம் ஏசியவர், குழுவைத் தொடங்கி என்னிடம் ஒப்படைத்த பெரியவர். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியே விரல்கள் மடங்கிப்போனதால் அவரால் எழுத முடியாது; குரல் பதிவுதான். விடியற்காலை 5 மணிக்குச் சேவல் கூவும் சத்தத்தோடு வரும். அவரை நீக்க எனக்கு மனம் வரவில்லை. நீக்காவிட்டால் பெண்கள் எல்லோரும் விலகிவிடுவார்கள். ‘மரியாதையாகப் பேசவும்’ என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஈப்போ அண்ணன்:
தங்கச்சி, அதை வைத்து யாரையும் கேட்க முடியாது. ஏசுகிறவரும் தாம் மரியாதையாகத்தான் பேசுவதாக நினைக்கிறார். கூடாததை வெளிப்படையாக எழுதுங்கள். எங்கள் குழுவில், பாட்டைக் குறை சொல்லலாம், பாடியவரையும் நடித்தவரையும் விமர்சிக்கலாம், எதிரே பேசுகிற உறுப்பினரைத் தொடக்கூடாது. குடும்பம், சாதி, சமயம் இழுக்கப்பட்டால் செய்தியை அழித்துவிடுவோம். முதல் தடவை தனியே அழைத்துச் சொல்வோம்; மறு தடவை ஒரு வாரம் வெளியே. நிர்வாகி யாருடைய செய்தியையும் அழிக்கலாம். விதிகளைக் குழு விளக்கத்தில் போடுங்கள். மேலே பொருத்திவைத்தால் 30 நாளுக்கு மேல் நிற்காது.

கம்பார் வாசகர்:
சட்டத்தையும் மறந்துவிடாதீர்கள். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவின்கீழ் இணையத்தில் ஆபாசமாகவோ மிக இழிவாகவோ பதிவிடுவோருக்கான தண்டனை 2025இல் 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) அபராதம், ஈராண்டுச் சிறை என்ற அளவுக்கு உயர்த்தப்பட்டது. சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவோ நிர்வாகியையும் வெளியிட்டவராகவே முதலில் அனுமானிக்கும்; இல்லையென்று நிரூபிப்பது அவர் பாடு. கண்ணில் பட்டதும் அழித்துவிடுங்கள்.

தாப்பா அத்தை:
பெரியவரிடம் புலனத்தில் பேசாதே, மகளே. நேரில் போ. மதுரையில் பிறந்த சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கு ஒரு விதமாகவும் சிவாஜிக்கு ஒரு விதமாகவும் தம் குரலையே மாற்றிப் பாடியவர். இருவரையும் சுமந்த தொண்டை அது. அதை ரசிப்பவர்களுக்குள் எதற்கு இந்தப் பகை என்று கேள். விதிகளைப் பெரியவரின் குரலிலேயே பதிவு செய்து போடு. சின்ன எழுத்து தெரியாத கிழவர்கள் என்னைப் போல் நிறைய பேர் இருப்பார்கள்.

சிப்புட் ரசிகை:
அத்தை, நேற்று போனேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. பதிவு செய்யும்போது ‘வீட்டுப் பெண்களை’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார். ஏசப்பட்டவரிடம் அவரே அழைத்து மன்னிப்பும் கேட்டுவிட்டார்.

இன்னொரு சந்தேகம். இரவு 10 மணிக்குமேல் நிர்வாகிகள் மட்டும் பேசும்படி பூட்ட நினைக்கிறேன். காலையில் திறக்க ஆள் வேண்டும். 5 மணிக்கு எழுந்திருப்பவர் அவர்தான். அவருக்கு நிர்வாகி உரிமை கொடுக்கலாமா?

ஈப்போ அண்ணன்:
கொடுங்கள், ஆனால் ஒரு மாதம் போகட்டும். இப்போதே கொடுத்தால் ஏச்சு வாங்கியவருக்கு மனம் கசக்கும். பூட்டும் வசதி குழுத் தகவலில், அனுமதிகள் என்ற இடத்தில் இருக்கிறது.